கேட்கும் விலை நியாயமா? முதல் ஃபிளாட் வாங்குபவருக்கு ஒரு கணக்கு

விற்பவர் சொல்லும் விலைக்குப் பின்னால் பெரும்பாலும் கணக்கு ஏதும் இருப்பதில்லை. அடுத்த தெருவில் யாரோ எண்பதுக்கு விற்றதாகக் காதில் விழுந்திருக்கும். மகளின் கல்யாணத்துக்கு இவ்வளவு வேண்டும் என்ற தேவை இருக்கும். "எண்பதுன்னு சொல்லி வைப்போம் சார், அப்புறம் இறங்கிக்கலாம்" என்று புரோக்கர் சொல்லியிருப்பார். ஆகவே அவர் கணக்கு சரியா என்று குடைவதில் பயனில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கின் முடிவு ஒற்றை எண்ணாக இருக்காது; "இதிலிருந்து இதுவரை கொடுக்கலாம்" என்று ஒரு வரம்பாகத்தான் வரும்.

சென்னைப் புறநகரில் கைமாறும் ஒரு பழைய ஃபிளாட்டை வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பகுதியின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு படுக்கையறை, கட்டி 12 வருடம், முதல் மாடி, லிஃப்ட் இல்லை, கீழே ஒரு கார் நிறுத்தும் இடம். விளம்பரத்தில் 1,050 சதுர அடி. கேட்பது 80 லட்சம்.

எந்தச் சதுர அடி?

80 லட்சத்தை 1,050-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு சுமார் 7,600 ரூபாய். இந்த எண்ணைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் ஒப்பிடுவதற்கு இது உதவாது. அந்த 1,050 என்பது சூப்பர் பில்டப் அளவு: மாடிப்படி, நடைபாதை, மோட்டார் அறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்வது. எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு விதி கிடையாது. ஒரு பில்டர் 20 சதவீதம் ஏற்றுவார், இன்னொருவர் 35 ஏற்றுவார். இருவரும் "1,050 சதுர அடி" என்றே விற்பார்கள்.

கார்பெட் ஏரியாவுக்கு மட்டும்தான் சட்டத்தில் வரையறை உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி (சுருக்கமாக ரெரா) அது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் தரைப்பரப்பு. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி, குழாய்கள் போகும் சந்து ஆகியவை சேராது. 12 வருடப் பழைய ஃபிளாட்டின் பத்திரத்தில் இந்த அளவு இருக்காது. டேப்போ லேசர் அளவியோ கொண்டுபோய் அறை அறையாக அளந்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. அளக்கவே விடமாட்டேன் என்கிற ஆளிடம் மேற்கொண்டு பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நம் ஃபிளாட்டில் அளந்தால் 760 சதுர அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது விலை கார்பெட் சதுர அடிக்கு சுமார் 10,500 ரூபாய். இனி எந்த வீட்டோடு ஒப்பிட்டாலும் இந்தக் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது யூடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்படும் பிரிபடாத பங்கு. இது பத்திரத்திலேயே சதுர அடியில் இருக்கும். மனை இரண்டு கிரவுண்ட், 4,800 சதுர அடி. ஒரே அளவில் எட்டு வீடுகள். ஆகவே வீட்டுக்கு 600 சதுர அடி வரவேண்டும். பத்திரத்தில் 450 என்றிருந்தால் மீதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சில கட்டடங்களில் பில்டரோ மனையின் பழைய உரிமையாளரோ ஒரு பங்கைத் தன் பெயரிலேயே வைத்திருப்பார். பின்னாளில் மேலே ஒரு தளம் எழுப்பும்போதோ, கட்டடத்தை இடித்துக் கட்டும்போதோதான் விஷயம் வெளியே வரும்.

கேட்ட விலையை விட்டு, விற்ற விலைக்கு

இணையத்தில் பட்டியல் போடும் தளங்களில் இருப்பவை எல்லாம் கேட்கும் விலைகள். ஒரே ஃபிளாட்டை மூன்று புரோக்கர்கள் மூன்று விலைக்குப் போட்டிருப்பதையும் அங்கே பார்க்கலாம். அவற்றுக்கு ஒரு பயன் உண்டு: நான்கு மாதமாக விற்காமல் கிடக்கும் விளம்பரம் எதுவோ, அந்த விலைக்கு ஆள் இல்லை என்று தெரியும். சந்தையின் மேல்வரம்பை அது காட்டிக்கொடுக்கும்.

விற்ற விலை கிடைக்கும் இடம் பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று. ஈசி என்றால் எல்லோருக்கும் புரியும். சொத்தில் கடன், அடமானம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வாங்குவார்கள். விலை பார்க்கவும் அதே சான்று போதும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால், அந்த சர்வே எண்ணில் பதிவான ஆவணங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், தேதி, சொத்தின் விஸ்தீரணம், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு இருக்கும். கைமாற்றுத் தொகைதான் பத்திரத்தில் எழுதிய விலை. நீங்கள் பார்க்கும் ஃபிளாட் இருக்கும் சர்வே எண்ணுக்கு ஒன்று, அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கு இரண்டு மூன்று என்று கடைசி மூன்று வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. பத்திரத்தில் எழுதிய விலையும் கைமாறிய பணமும் எல்லா விற்பனையிலும் ஒன்றாக இருப்பதில்லை. கைமாற்றுத் தொகை அரசின் வழிகாட்டி மதிப்போடு (முத்திரைத்தீர்வைக்காக அரசு வைக்கும் குறைந்தபட்ச மதிப்பு) ரூபாய் சுத்தமாகப் பொருந்தினால், அந்த எண்ணை நம்ப வேண்டாம். மீதி ரொக்கமாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். விற்பனைப் பத்திரத்துக்கு அடுத்தாற்போல் அதே வாங்கியவர் பெயரில், ஒரு வங்கிக்கு உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு இருந்தால் அந்த விற்பனை ஓரளவு நம்பத் தகுந்தது. அதில் கடன் தொகையும் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதத்தையும், 30 முதல் 75 லட்சம் வரையிலானது 80 சதவீதத்தையும், அதற்கு மேற்பட்டது 75 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. எனவே 51 லட்சம் கடன் என்றிருந்தால் அதை 0.8-ஆல் வகுங்கள்: அந்த வீட்டை வங்கி குறைந்தது 63¾ லட்சமாக மதித்திருக்கிறது. சொந்தப் பணம் அதிகம் போட்டு வாங்கியிருந்தால் உண்மை விலை இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். இது கீழ்வரம்பு மட்டுமே.

குடும்பத்துக்குள் எழுதிய தானம், விடுதலை, பாகப்பிரிவினைப் பத்திரங்களையும், பொது அதிகாரம் கொடுத்த பதிவுகளையும் விலைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். வங்கி ஏலத்தில் போனவையும் வேண்டாம். அவசர விற்பனை விலை உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

ஒப்பிடும்போது திருத்த வேண்டியவை

மூன்று விற்பனைகள் கிடைத்தன என்று கொள்வோம்.

முதலாவது, அடுத்த தெருவில் 10 வருடக் கட்டடம், லிஃப்ட் உண்டு, கார்பெட் 750 சதுர அடி. ஐந்து மாதத்துக்கு முன் 74 லட்சம். கார்பெட் சதுர அடிக்கு 9,867 ரூபாய். நம் 760-க்கு அது 75 லட்சம் ஆகிறது. நம்மிடம் லிஃப்ட் இல்லை, 2 லட்சம் கழிப்போம். கட்டடம் இரண்டு வருடம் கூடுதல் பழையது, முக்கால் லட்சம் கழிப்போம். சுமார் 72 லட்சம்.

இரண்டாவது, இதே கட்டடத்தில் மூன்றாம் மாடி, இதே அளவு. இரண்டு வருடத்துக்கு முன் 64 லட்சம். பகுதியில் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறியிருக்கிறது என்றால் இன்று 71.9 லட்சம். ஏற்றம் எவ்வளவு என்று பார்க்க தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு இருக்கிறது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் காலாண்டுதோறும் வருகிறது. நகர முழுமைக்குமான சராசரி என்பதால் உங்கள் தெருவுக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் "ரெண்டு வருஷத்துல டபுள் ஆயிடுச்சு சார்" என்ற பேச்சை அடக்க அது போதும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியைவிட முதல் மாடிக்கு மதிப்பு கூடுதல். 2 லட்சம் கூட்டுவோம். சுமார் 74 லட்சம்.

மூன்றாவது, 3 வருடமே ஆன கட்டடம். லிஃப்ட், ஜெனரேட்டர் உண்டு, யூடிஎஸ் குறைவு, சாலை அகலம் அதிகம். 82 லட்சம். விற்பவர் உங்களிடம் காட்டுவது இதைத்தான். வயதுக்குக் கழிக்க வேண்டும், வசதிக்குக் கழிக்க வேண்டும், மனைப்பங்குக்குக் கூட்ட வேண்டும், சாலைக்குக் கழிக்க வேண்டும். நான்கு திருத்தம் போட்டபின் வரும் எண் விற்ற விலையாக இருக்காது, உங்கள் ஊகமாகத்தான் இருக்கும். இரண்டு திருத்தத்துக்கு மேல் கேட்கும் ஒப்பீட்டை ஓரம் வைத்துவிடலாம். இதே கட்டடத்தில் நடந்த பழைய விற்பனை ஒன்று, தூரத்தில் நடந்த புது விற்பனைகள் நான்கைவிட மேல்.

திருத்தத் தொகைகளுக்கு வாய்ப்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்டுக்கு 2 லட்சம் என்பது இந்தப் பகுதியில் லிஃப்ட் உள்ள வீடும் இல்லாத வீடும் என்ன வித்தியாசத்தில் போகின்றன என்று பார்த்துப் போடுவது. வயதுக்குக் கழித்தது எப்படி வந்தது என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

இப்போதைக்கு வரம்பு 72 முதல் 74 லட்சம்.

மனையும் கட்டடமும் தனித்தனியாக

மதிப்பீட்டாளர்கள் போடும் கணக்கு இது. யூடிஎஸ் 600 சதுர அடி, பகுதியில் காலி மனை சதுர அடி 6,500 என்றால் 39 லட்சம். இதே கட்டடத்தை இன்று கட்ட சதுர அடிக்கு 2,400 ஆகும் என்றால், 1,050-க்கு 25.2 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருடம், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று வைப்பது வழக்கம். அதாவது வருடத்துக்கு 1½ சதவீதத் தேய்மானம், 12 வருடத்துக்கு 18 சதவீதம். மிஞ்சுவது சுமார் 20.7 லட்சம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 60 லட்சம்.

விற்ற விலைகள் 72-74 சொல்ல, இது 60 சொல்கிறதே என்று குழம்ப வேண்டாம். பில்டரின் லாபம், அனுமதிக் கட்டணம், கட்டிய காலத்து வட்டி, கார் நிறுத்தும் இடம் எதுவும் இதில் இல்லை. இந்த எண்ணின் வேலை வேறு: நீங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு தேயாத மண், எவ்வளவு தேயும் கட்டடம் என்று காட்டுவது. இங்கே 39 லட்சம் மண்ணில் நிற்கிறது; வயதான கட்டடத்துக்கு அது நல்ல நிலை. 25 வருடக் கட்டடத்தில் யூடிஎஸ் 300 மட்டும் இருந்து, விலையும் இதே அளவு கேட்டால் யோசிக்க வேண்டும்.

உயரமான அடுக்ககங்களில் இந்தக் கணக்கு தடுமாறும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், 18.30 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப் போல 3.25 மடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. தாழ்ந்தவற்றுக்கு 2 மடங்கு. எனவே பதினைந்து மாடிக் கட்டடத்தில் யூடிஎஸ் குறைவாக இருப்பது இயல்பே. அங்கே ஒப்பீட்டு விலையையும் வாடகையையும்தான் நம்ப வேண்டும்.

வாடகை சொல்லும் விலை

விலையில் ஆசை கலக்கும். வாடகையில் அவ்வளவு கலக்காது. குடியிருப்பவர் மாதாமாதம் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது அது. இந்த ஃபிளாட்டுக்கு மாதம் 20,000 வாடகை கிடைக்கும் என்றால் வருடத்துக்கு 2.4 லட்சம். 80 லட்சத்துக்கு அது 3 சதவீதம். முதல் ஒப்பீட்டு வீட்டின் வாடகை 20,500 என்றால், 74 லட்சத்துக்கு 3.3 சதவீதம். அதே விகிதத்தை இங்கே வைத்தால் 2.4 லட்சத்தை 0.033-ஆல் வகுக்க, சுமார் 73 லட்சம் வருகிறது.

நம் நகரங்களில் வீட்டு வாடகை வருமானம் வட்டி விகிதத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே வங்கி வட்டியோடு ஒப்பிட்டு "எந்த வீடும் லாயக்கில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். அதே பகுதியின் மற்ற வீடுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் மற்றவை 3.3 தரும்போது ஒன்று மட்டும் 2.2 தந்தால், விலையில் வருங்கால மெட்ரோ நிலையமோ வராத சாலையோ ஏற்றப்பட்டிருக்கிறது.

வழிகாட்டி மதிப்பு, வங்கி மதிப்பு

வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையாக எண்ணுவது புதியவர்கள் எளிதில் விழும் குழி. முத்திரைத்தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது. 2017-இல் ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளிலும் எந்த வீட்டின் உண்மை விலையும் 33 சதவீதம் இறங்கவோ அந்த அளவுக்கு ஏறவோ இல்லை. அதைப் பார்க்க வேண்டிய காரணம் வேறு: பேசிய விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தாலும் தீர்வை வழிகாட்டி மதிப்புக்கே கேட்கப்படும்.

வங்கி மதிப்பீடு அதைவிடப் பயனுள்ளது. கடனுக்கு விண்ணப்பித்ததும் வங்கி தன் பொறியாளரை அனுப்பும். அவர் அனுமதி பெற்ற வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒத்துப் பார்ப்பார். வரைபடத்தில் இல்லாத அறையை, மூடிக் கட்டிய பால்கனியை, அனுமதியில்லாத மேல்தளத்தை மதிப்பில் சேர்க்க மாட்டார். நீங்கள் 76-க்குப் பேசி முடித்து, வங்கி 70 என்று போட்டால், கடனை 70-ஐ வைத்துத்தான் கணக்கிடும். வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். மதிப்பீட்டுத் தொகையை வங்கி தானாகச் சொல்லாது, கேட்டு வாங்குங்கள். கடன் வேண்டாதவர்கள் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைத் தனியாக அமர்த்தலாம். வங்கி மதிப்பீட்டாளர் சற்றுக் கஞ்சத்தனமாகவே போடுவார், அது அவர் தொழில். ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் கேட்காமல் நகராதீர்கள்.

குறைகளுக்கு எவ்வளவு கழிப்பது

சரி செய்ய முடிந்த குறைக்கு, சரி செய்யும் செலவைக் கழிக்கலாம். குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஓதம், பழைய ஒயரிங், கரையான் அரித்த நிலை எல்லாம் இந்த வகை. கொத்தனாரையோ எலக்ட்ரீஷியனையோ அழைத்துப்போய்த் தொகை எழுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். பால்கனி, சன்ஷேடு இவற்றின் அடிப்பக்கத்தில் சிமெண்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது வேறு கதை. கடலோரக் காற்றில் இது வேகமாகப் பரவும். எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய செலவு அது. சங்கத்தில் சேமிப்பு நிதி எவ்வளவு இருக்கிறது, யார் பராமரிப்புப் பணம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

சரி செய்யவே முடியாதவையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை விற்பவரிடம் கேட்க வேண்டாம். தெருமுனை மளிகைக்கடைக்காரரிடமும், இஸ்திரி போடுபவரிடமும் கேளுங்கள். முதல் மாடி என்பதால் வீட்டுக்குள் வராது; ஆனால் கீழே கார், மோட்டார், மின்சார மீட்டர் மூழ்கும். மே மாதத்தில் தண்ணீர் லாரி எத்தனை வருகிறது என்பதும் அதே ஆட்களுக்குத் தெரியும். இவற்றுக்குத் தொகை வைத்துக் கழிக்க வழியில்லை. இதே தெருவில் நடந்த விற்பனைகளை மட்டும் ஒப்பிட்டால், கழிவு அந்த விலைக்குள்ளேயே இருக்கும்.

புது ஃபிளாட் என்றால்

பில்டர் சொல்லும் சதுர அடி விலையை ஒதுக்கிவிட்டு முழுச் செலவுத் தாளைக் கேளுங்கள். மாடிக்கு மாடி ஏற்றம், கார் நிறுத்தம், மின்-குடிநீர் இணைப்பு, பராமரிப்பு முன்பணம் எல்லாம் சேர்த்த தொகையைக் கார்பெட் அளவால் வகுக்க வேண்டும். கட்டி முடிப்புச் சான்று வராத வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 45 லட்சத்துக்குள், சென்னையில் 60 சதுர மீட்டர் கார்பெட்டுக்குள் இருந்தால் 1 சதவீதம். சான்று வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டியே இல்லை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க ரெரா சட்டம் பில்டரை அனுமதிக்கவில்லை.

விலை பேசப் போகும்போது

நம் ஃபிளாட்டுக்கு ஒப்பீடு 72-74 சொல்கிறது, வாடகை 73 சொல்கிறது. கேட்கும் 80 சுமார் பத்து சதவீதம் அதிகம். 73-க்கு முடிந்தாலும் செலவு 73 அல்ல. மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 6.57 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. வங்கி 80 சதவீதம், 58.4 லட்சம் கொடுத்தால், மீதி 14.6-உடன் இதுவும் சேர்ந்து கையில் 21 லட்சத்துக்கு மேல் வேண்டும். புரோக்கர் கமிஷனும் ரிப்பேரும் தனி. விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1 சதவீத டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்கான பிடித்தம்) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. இது கூடுதல் செலவு அல்ல, விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்தே கழிப்பது. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விகிதமே வேறு, ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

பேச்சை 70-இல் தொடங்கலாம். வெறுமனே எண் சொல்லாமல், ஒப்பீட்டு விற்பனைகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். புரோக்கருக்கும் விற்பவரிடம் காட்ட ஒன்று கிடைக்கும். 74-க்கு மேல் ஒரு ரூபாய் கொடுப்பதானாலும் எதற்காக என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். பிள்ளையின் பள்ளி எதிரே இருக்கிறது, அப்பா அம்மா அடுத்த தெருவில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் நியாயமான காரணங்களே. "இன்னொரு பார்ட்டி இன்னிக்கு சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்க வர்றாங்க" என்பது காரணமாகாது.

பாதியை ரொக்கமாகக் கேட்டு அதற்காக விலையைக் குறைத்தால், அந்தக் குறைப்பு உங்களுக்கு லாபமாகாது. பத்திரத்தில் எழுதிய தொகைக்குத்தான் கடன் கிடைக்கும். நாளை நீங்கள் விற்கும்போது, ரொக்கமாகக் கொடுத்ததும் லாபம் என்று கணக்காகி வரி வரும்.

டோக்கன் அட்வான்ஸ் எழுதும்போது ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வங்கி மதிப்பீடு பேசிய விலையைவிடக் குறைந்தாலோ, பத்திரங்களில் சட்டக் குறை வந்தாலோ முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்று. அந்த வரிக்கு விற்பவர் ஒப்பும்வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம்.